நடுவிலுள்ள சொல்

லிபர்ட்டி பிளாசா, கீழ்த்தளம்.
கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் அஃப்ராஸ்,
இந்தப் பக்கம் ஸ்டூலில் நான்.
நடுவில் இரண்டு போன்கள் ஒரே வயரில்,
ஒன்றுக்கொன்று இரத்தம் கொடுப்பதுபோல்.

"அன்ட்ரொயிட்ல இருந்து ஐபோனுக்கு
எல்லாம் வரும் மிஸ்.
படம் வரும், நம்பர் வரும், வட்ஸ்அப்பும் வரும்.
கொஞ்சம் டைம் எடுக்கும், அவ்வளவுதான்."

ஸ்காபரோவில் அக்கா புதுசு வாங்கினாள்.
அவளுடைய பழசு,
யாரோ ஒருவரின் சூட்கேசில்
காலுறைக்குள் சுருண்டு வந்து
என் புதுசாயிற்று.

நாற்பது வீதம். நாற்பத்தொன்று.
மேலே யாரோ ஏசியை நிறுத்திவிட்டார்கள்.
"கீபோட் படிச்ச சொல்லுகள்?" என்றேன்.
அஃப்ராஸ் நிமிர்ந்து பார்த்தான்.
இதுவரை யாரும் கேட்டதில்லைப் போலும்.
"அது வராது மிஸ். இது புதுசாத்தான் படிக்கணும்."

ஐந்து வருடமாய்
என் பெருவிரலுக்குக் கீழே இருந்து படித்தது அது.
'வ' என்றால் வந்திட்டன்.
'கே' என்றால் கேஸ் இல்லை.
'பெ' என்று தொடங்கினால் பெற்றோல் மட்டும்தான்,
பெருமழை பெய்த நாளிலும்.
'இண்டைக்கும்' என்றால் கரண்ட் கட்.
'பத்தரமுல்லை' என்றால் கியூ:
கௌசிகா பாஸ்போட்டுக்கு
இரவிரவாய் நின்ற கிழமையில் கற்றுக்கொண்டது.

அவள் இப்போது ருமேனியாவில்
ஒரு தையல் ஆலையில் பொத்தான் துளை வெட்டுகிறாள்.
அறையில் அவளுடைய கட்டிலின்மேல்
நான் உடுப்பு மடித்து வைக்கிறேன்.
ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும்
வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கி
போனைத் திறந்தால்
நான் ஓர் எழுத்தும் தொடமுதலே
அது நீட்டிக்கொண்டு நிற்கும்:
வந்திட்டன்.

"பழையதை எடுத்தா பதினெட்டாயிரம் போடலாம்,
மூலை உடைஞ்சிருக்கே.
ரீசெட் அடிக்கட்டா?"

ஒரு நிமிஷம், என்றேன்.
வயரைக் கழற்றி வாங்கி
'நான்' என்று எழுதினேன்.
பிறகு எழுதவில்லை.
நடுவில் வருகிற சொல்லை
அமத்தினேன், அமத்தினேன், அமத்தினேன்:

நான் வந்திட்டன் கதவைத் திற
திறப்பை விட்டிட்டன் கேஸ் இல்லை
பாண் வாங்கட்டா கரண்ட் எத்தனை மணிக்கு
கௌசி நான் வந்திட்டன் கதவைத் திற
திறப்பை விட்டிட்டன் கேஸ் இல்லை
பாண் வாங்கட்டா

சுற்றிச் சுற்றி அதே படிக்கட்டு.
ஒருவருக்கும் அனுப்பாமல்
அவனிடம் நீட்டினேன்.

இருண்டது. அதிர்ந்தது.
பிறகு
என்னை வாழ்நாளில் முதல்தடவை பார்க்கிறதுபோல்
வெளிச்சமாய் வரவேற்று
நீங்கள் என்ன மொழி என்று கேட்டது.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
ஜன்னல் கம்பியோடு முழங்கையைக் கொடுத்துக்கொண்டு
புதுசைப் பழகினேன்.
பெருவிரல் கீழ்மூலைக்குப் போய்ப் போய்
பின்னுக்குப் போகும் பொத்தானைத் தேடியது.
இதில் அது இல்லை.
ஓரத்தில் இருந்து இழுக்கவேணும்,
ஆரோ மூடிக் கிடக்கிற யன்னல்சீலையை இழுப்பதுபோல்.
பம்பலப்பிட்டிக்குள்
நாலுதரம் பிழையாய் இழுத்து
அக்காவுக்கு இரண்டுதரம் கோல் போய்விட்டது.

இராமகிருஷ்ணா வீதியில் லிஃப்ட் வேலை இல்லை.
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்று
கௌசிகாவின் பெயரைத் தேடி எடுத்து
வ
ந்
தி
ட்
ட
ன்
என்று ஒவ்வொன்றாய் அடித்தேன்.
அடியில் சிவப்புக்கோடு போட்டது போன்,
இப்படி ஒரு சொல் இல்லையாம்.
இருந்தாலும் அனுப்பினேன்.

அங்கே பின்னேரத் தேத்தண்ணி நேரமாக இருக்கும்.
உடனே நீலமாயிற்று.
"என்னடி, எங்க வந்திட்டாய்?
எயாப்போட்டிலயா? ஆரும் சொல்லேல்ல!
நில், லீவு கேக்கிறன்."

ஒரு கையால் திறப்பைத் துழாவிக்கொண்டு
இல்லை என்று சொல்ல
'இ' அடித்தேன்.
நடுவில் வந்து நின்றது
'இந்தியா'.